உஸ்மானியப் படையை உடைத்தவர்கள் அரபியரா?



கிலாஃபத்தின் வீழ்ச்சியைப் பற்றிய பயான்களில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. துருக்கியர் இரத்தம் சிந்தினார்கள், அரபியர் முதுகில் குத்தினார்கள் என்பது அது. எர்துக்ருல் தொடரும் பாயிதஹ்த் அப்துல்ஹமீத் தொடரும் நம் இல்லங்களுக்குள் வந்த பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இதன் தொடர்ச்சியாக வரும் அடுத்த வாசகம், உம்மத் அன்று ஒற்றுமையாக இருந்திருந்தால் கிலாஃபத் விழுந்திருக்காது என்பது. கூட்டம் தலையசைக்கிறது, துஆவுடன் பயான் முடிகிறது.

முதல் வாசகம் அவதூறு. இரண்டாவது வாசகம் உண்மையைப் போன்ற தோற்றம் கொண்ட ஒரு தப்பித்தல். தனி மனிதர் ஒருவரைப் பற்றி ஆதாரமின்றிப் பேசுவது புறம், இட்டுக்கட்டு என்று ஸூரத்துல் ஹுஜுராத்தை எடுத்துக்காட்டி மணிக்கணக்கில் எச்சரிக்கும் நாம், ஒரு சமுதாயம் முழுவதையும் துரோகிகள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறோம். அதற்கு மறுமையில் கணக்கு இல்லை என்று நமக்கு யார் சொன்னது?

முதலில் அந்தப் படை எத்தகையது என்பதைப் பார்ப்போம். முதல் உலகப் போருக்கு முன் உஸ்மானிய அரசு தன் தரைப்படையைப் பதின்மூன்று பெரும்பிரிவுகளாக அமைத்திருந்தது. அவற்றுள் ஐந்தின் தலைமையிடங்கள் அரபு மண்ணில் இருந்தன: ஹலப், டமாஸ்கஸ், மோசுல், பக்தாத், யமன். எந்த வட்டாரத்தில் பிரிவு நிலைகொண்டதோ அந்த வட்டாரத்து இளைஞர்களைக் கொண்டே அதை நிரப்புவது பொது விதி. ஆகவே இலட்சக்கணக்கான அரபியர் கலீஃபாவின் சீருடையை அணிந்திருந்தனர். அவர்களோடு துருக்கியர், குர்துகள், சர்க்காசியர், லாஸ்கள் இருந்தனர். 1909ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பிறகு ஆர்மீனியர், கிரேக்கர், யூதர் ஆகியோரும் கட்டாயப் படைச்சேவைக்கு உட்பட்டனர். ஒரே டிவிஷனுக்குள் மூன்று நான்கு மொழிகள் பேசப்பட்டன. கட்டளை மொழியோ துருக்கி ஒன்றுதான்.

அந்தப் படையின் பெருமைமிக்க நாளாகச் சொல்லப்படுவது 1915 ஏப்ரல் 25, கலிப்போலியில் ஆங்கிலேயத் தரப்புப் படைகள் கரையிறங்கிய நாள். முஸ்தஃபா கமாலின் 19ஆவது டிவிஷன் அன்று ஓடிச்சென்று மலைமுகட்டைக் காத்தது. அதில் துருக்கியர் நிறைந்த 57ஆவது ரெஜிமென்ட்டின் தியாகத்தை எல்லோரும் பேசுகிறார்கள். பேசத் தகுந்ததுதான். ஆனால் அதே டிவிஷனில் இருந்த மற்ற இரண்டு ரெஜிமென்ட்டுகளான 72ஆவதும் 77ஆவதும் அரபியர் மிகுதியாக இருந்தவை என்பதை நம் மேடைகளில் ஒருவரும் சொல்வதில்லை. மூன்றில் இரண்டு! அன்றிரவு 77ஆவது ரெஜிமென்ட் புதர்க்காட்டில் இருளில் குழம்பிச் சிதறியது என்பதும் பதிவில் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு ரெஜிமென்ட்டின் ஓரிரவுத் தடுமாற்றத்தைக் கொண்டு ஓர் இனத்தை அளப்பது நியாயம் என்றால், அதற்குச் சில மாதங்களுக்கு முன் சரிகாமிஷில் நடந்ததைக் கொண்டு துருக்கியரை அளக்க வேண்டியிருக்கும். அன்வர் பாஷா கடுங்குளிரில், போதிய ஆடையும் உணவும் இல்லாத மூன்றாம் இராணுவத்தைப் பனிமலைகளுக்கு மேலே அனுப்பினார். பல பத்தாயிரம் பேர் அழிந்தனர். பலர் எதிரியைப் பார்க்கும் முன்பே உறைந்து இறந்தார்கள். அது துருக்கியரின் குறை என்று நாம் சொல்வோமா? போர் அமைச்சர் ஒருவரின் அகந்தை என்றல்லவா சொல்வோம்.

ஷரீஃப் ஹுஸைனின் கலகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 1916 ஜூனில் மக்காவில் அவர் கலகக்கொடி உயர்த்தினார். ஆங்கிலேயரின் தங்கமும் துப்பாக்கியும் அவருக்கு வந்தன. வாக்குறுதியும் வந்தது. அந்த வாக்குறுதியின் மை உலரும் முன்பே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அரபு நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். அவருக்காக வாதாட எனக்கு எந்த விருப்பமும் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர் பின்னால் யார் போனார்கள்?

ஹிஜாஸின் சில கோத்திரத்தார் போனார்கள். சில நூறு முன்னாள் உஸ்மானிய அதிகாரிகளும் வீரர்களும் போனார்கள். டமாஸ்கஸோ ஹலபோ பக்தாதோ அவருடைய அழைப்பைக் கேட்டு எழவில்லை. யமனில் இமாம் யஹ்யா உஸ்மானியருடன் நின்றார். ஹாயிலின் இப்னு ரஷீத் நின்றார். லிபியாவில் ஸனூஸிகளின் தலைவர் அஹ்மத் ஷரீஃப், கலீஃபாவின் பெயரால் ஆங்கிலேயரோடு போரிட்டார். இந்தியாவில் ஆங்கிலேயர் அடைத்து வைத்திருந்த அரபுப் போர்க்கைதிகளை 1916இல் கப்பலேற்றி ஹிஜாஸ் கரைக்குக் கொண்டுபோய், ஷரீஃபின் படையில் சேருங்கள் என்று கேட்டபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். சிறையிலிருந்து விடுபடும் வாய்ப்பு எதிரே இருந்தும் கலீஃபாவுக்கு எதிராக ஆயுதம் ஏந்த மறுத்த அந்தச் சாதாரண வீரர்களைத்தான் நாம் இன்று துரோகிகளின் கூட்டத்தில் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். பக்தாதைச் சேர்ந்த யாசீன் அல்ஹாஷிமி இரகசிய அரபு அமைப்பொன்றில் உறுப்பினராக இருந்தவர். அவரே 1917இல் உஸ்மானியப் படையோடு ஐரோப்பாவின் கலீஷியா போர்முனை வரை சென்று போரிட்டார். பிற்காலத்தில் இராக்கின் பிரதமரான அந்த மனிதரையும் எந்தத் தொடரும் காட்டாது.

துரோகிகளின் பட்டியல் எழுதுவதுதான் வேலை என்றால் அதில் முதலில் எழுத வேண்டியவர்கள் யார் என்பதும் எனக்கு விளங்கவில்லை. 1914 நவம்பர் 14 அன்று இஸ்தான்பூலின் ஃபாத்திஹ் மஸ்ஜிதில் ஜிஹாத் பிரகடனம் வாசிக்கப்பட்டது. ஆங்கிலேயரின் கீழ் இருந்த முஸ்லிம்கள் யாவரும் எழுவார்கள் என்று இஸ்தான்பூலும் பெர்லினும் எதிர்பார்த்தன. அதே மாதத்தில் பஸராவைக் கைப்பற்றிய படை எது? இந்தியப் படை. கூத்தில் 1916 ஏப்ரலில் உஸ்மானியரிடம் சரணடைந்த பதின்மூவாயிரம் பேரில் பெரும்பகுதியினர் யார்? இந்தியர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். சிங்கப்பூரில் 1915 பிப்ரவரியில் முஸ்லிம் சிப்பாய்களின் கலகம் ஒன்று நடந்தது என்பதும், அதற்காக நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பதும் உண்மை. ஆயினும் பெரும்பான்மையினர் சம்பளம் வாங்கிய இடத்தில் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள். வறுமையால் சேர்ந்தவர்கள், அவர்களையும் நான் பழிக்கவில்லை. பிறகு கிலாஃபத் இயக்கம் வந்தபோது யாகூப் ஹசன் சேட் போன்றோரின் தலைமையில் மதராஸ் மாகாணத்து முஸ்லிம்களும் அதில் இறங்கினார்கள். அந்த அன்பு உண்மையானது. ஆனால் அது போருக்குப் பிந்தியது. நம் துணைக்கண்டத்தாருக்கு வறுமை என்ற மன்னிப்பு உண்டு, அரபிக்கு மட்டும் துரோகம் என்ற பட்டம் என்றால், அது எந்தத் தராசு?

இனி ஒற்றுமை என்ற அந்த இரண்டாவது வாசகத்திற்கு வருவோம்.

அந்தப் போரில் உஸ்மானிய அரசு ஏறத்தாழ 28 இலட்சம் பேரைப் படைக்கு அழைத்தது. அவர்களில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் தப்பியோடினார்கள். இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் அரபியர் என்று நினைப்பு ஓடுகிறதல்லவா? ஓடியவர்களுள் பெருந்தொகையினர் அனத்தோலியாவின் துருக்கிய விவசாயிகள். எல்லையைக் காக்க வேண்டிய குர்துக் கோத்திரக் குதிரைப்படை, போர் தொடங்கிய சில வாரங்களிலேயே கரைந்துபோய்க் கலைக்கப்பட்டது. 1917இல் இஸ்தான்பூலிலிருந்து பாலஸ்தீனத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் புறப்பட்ட 24ஆவது டிவிஷன், போர்முனையை அடைந்தபோது பாதிக்கும் குறைவாகியிருந்தது. இடையில் ஒரு குண்டுகூட அவர்கள்மேல் பாயவில்லை. சிலர் வழியில் இறங்கி ஓடினர், சிலர் நோயில் விழுந்தனர்.

ஏன் ஓடினார்கள்? வண்டியோட்டியைக் கேட்டாலே தெரிந்திருக்கும். தாரஸ், அமானுஸ் மலைகளில் இரயில் பாதை போரின் பெரும்பகுதி முழுவதும் முடிக்கப்படாமலே கிடந்தது. வீரர்கள் இறங்கி, சுமையை இறக்கி, மலையைக் கடந்து, மறுபக்கம் மீண்டும் வண்டி ஏற வேண்டும். காலணி இல்லாதவர்கள் ஏராளம். டைஃபஸும் பேதியும் குண்டுகளைக் காட்டிலும் அதிகமானவர்களைக் கொன்றன. சம்பளம் காகித லிராவில் தரப்பட்டது. போரின் பிற்பகுதியில் அது தங்க லிராவின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்திருந்தது. விடுப்பு என்பது பெரும்பாலோருக்குக் கிடைக்கவே இல்லை. உமர் (ரலி) அவர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் வீரர்களைச் சில மாதங்களுக்கு மேல் எல்லையில் நிறுத்தக்கூடாது என்று ஆணையிட்ட வரலாற்றை நம் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். கலீஃபாவின் பெயரால் நடந்த போரில் அனத்தோலியப் பெண் தன் கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் நான்கு ஆண்டுகள் ஏர் பிடித்தாள்.

இன்னொரு செய்தி, இதைத்தான் மனம் அதிகமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. நாற்பது ஐம்பது தங்க லிரா கட்டக்கூடியவர் படைச்சேவையிலிருந்து விலக்குப் பெறலாம். பதல் என்று அதற்குப் பெயர். போர்க்காலத்தில் அதன் விதிகள் மாறி மாறி வந்தாலும், பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஏதோ ஒரு கதவு திறந்தே இருந்தது. இல்லாதவன் பிள்ளை சரிகாமிஷுக்குப் போனான். படையைப் பிளந்த முதல் கோடு இந்தக் கோடுதான். இனம், மொழி எல்லாம் அதற்குப் பின்னர் வந்தவை.

சிரியாவில் என்ன நடந்தது என்பதைப் படித்தால், அந்தப் படை அவ்வளவு காலம் சேர்ந்து நின்றதே வியப்பு என்று தோன்றும். நான்காம் இராணுவத்தின் தளபதியாக ஜமால் பாஷா டமாஸ்கஸில் அமர்ந்தார். 1915 வசந்தத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் வயல்களைத் தின்றது. கடலை எதிரிகளின் கப்பல்கள் அடைத்திருந்தன. மிஞ்சிய தானியத்தைப் படை எடுத்துக்கொண்டது. லெபனான் மலைநாட்டிலும் சிரியாவிலும் இலட்சக்கணக்கானோர் பசியில் இறந்தனர். அந்தக் காலத்தை அம்மக்கள் இன்றும் ஸஃபர்பர்லிக் என்று சொல்கிறார்கள். படைதிரட்டலைக் குறிக்கும் துருக்கிச் சொல் அது. அரபு நாவில் அது பஞ்சத்துக்கும் பிரிவுக்கும் பெயராகிவிட்டது. ஜெருசலத்தில் உஸ்மானியப் படையின் எழுத்தராக இருந்த இஹ்ஸான் துர்ஜுமான் என்ற இளைஞரின் நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வெளிவந்தது. ரொட்டி வரிசை, அதிகாரிகளின் கேளிக்கை, தன் மக்களை எள்ளி நகையாடும் மேலதிகாரிகள், எப்போது முடியும் இந்தப் போர் என்ற சலிப்பு: இவைதாம் அதில் பக்கம் பக்கமாக வருகின்றன. அவர் ஷரீஃபின் ஆள் அல்லர். மனம் வெறுத்துப்போன ஒரு சாதாரணச் சிப்பாய்.

ஜமால் பாஷா 1915 ஆகஸ்ட் 21 அன்று பெய்ரூத்தில் பதினொரு பேரைத் தூக்கிலிட்டார். 1916 மே 6 அன்று பெய்ரூத்திலும் டமாஸ்கஸிலுமாக மேலும் இருபத்தொரு பேர். அவர்களில் ஒருவர் அப்துல் ஹமீத் அஸ்ஸஹ்ராவி. மார்க்க அறிஞர், உஸ்மானிய மேலவையின் உறுப்பினர். பேரரசுக்குள்ளேயே அரபியருக்கு உரிய பங்கைக் கேட்டவர்களில் முன்னணியில் நின்றவர். சிலர்மீது ஆதாரம் இருந்தது, வேறு சிலர் பழைய கடிதங்களுக்காகக் கொல்லப்பட்டனர். ஷரீஃபின் கலகம் இதற்கு முன்பே திட்டமிடப்பட்டது என்பது சரி. ஆனால் ஜஃபர் அல்அஸ்கரியின் கதையைக் கேளுங்கள். பக்தாதைச் சேர்ந்த உஸ்மானியத் தளபதி அவர். எகிப்தின் மேற்கெல்லையில் ஸனூஸிகளோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, 1916 பிப்ரவரியில் காயமுற்றுப் பிடிபட்டார். கெய்ரோ சிறையிலிருந்து தப்பவும் முயன்றார். டமாஸ்கஸ் தூக்குமரங்களின் செய்தி அங்கே அவரை எட்டியது. தூக்கிலிடப்பட்டவர்களில் அவருடைய நண்பர்களும் இருந்தனர். அதன் பிறகே அவர் ஷரீஃபின் பக்கம் போனார். அவரைத் துரோகி என்று அழைப்பதற்கு முன், பிப்ரவரிக்கும் கோடைக்கும் இடையில் அவரை மாற்றியது எது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

அடுத்துச் சொல்லப்போவதை நம் வட்டாரத்தில் எழுதுவது எளிதன்று. சரிகாமிஷில் தோற்றுத் திரும்பிய அன்வர் பாஷா, ஆர்மீனிய வீரர்கள் தீரத்தோடு போரிட்டதாகப் பாராட்டி அவர்களுடைய திருச்சபைத் தலைவர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ அதே நாட்களில், 1915 பிப்ரவரி இறுதியில், படையிலிருந்த ஆர்மீனியரின் ஆயுதங்களைப் பறிக்க ஆணை பிறந்தது. அவர்கள் கூலிப்பட்டாளங்களில் சாலை போடவும் சுமை தூக்கவும் விடப்பட்டனர். ஆயுதமில்லாத அவர்களில் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். அவர்களின் குடும்பங்கள் சிரியப் பாலைவனத்தை நோக்கி விரட்டப்பட்டன. ரஷ்யப் படையில் சேர்ந்த ஆர்மீனியரும் இருந்தார்களே என்பார்கள். இருந்தார்கள். அதற்காக, நம் சீருடையில் நம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நின்றவனைக் கொல்ல எந்த ஃபிக்ஹ் நூல் இடம் தருகிறது? அமான் கொடுக்கப்பட்டவரின் உயிரைப் பற்றி நம் மத்ஹபுகள் நான்கும் என்ன சொல்கின்றன என்பதை முதலாண்டு மாணவர்களுக்கே நாங்கள் நடத்துகிறோம்.

பல இனத்தார் ஒரே படையில் இருப்பதால் அந்தப் படை உடையும் என்று எண்ணுவோர் ஸீராவைத் திரும்பப் பார்க்கட்டும். மக்கா வெற்றியின் நாளில் பத்தாயிரம் பேர் நகரை நோக்கி வந்தபோது, ஒவ்வொரு கோத்திரமும் தன் தன் கொடியின் கீழ் அணிவகுத்துச் சென்றது. கணவாயின் ஓரத்தில் நின்ற அபூஸுஃப்யானுக்கு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒவ்வொரு அணியின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் கோத்திரங்களைக் கலைத்து ஒரே குவியலாக்கவில்லை; யாரையும் தன் அடையாளத்தை மறைக்கச் சொல்லவும் இல்லை. முரைஸீஃ கிணற்றடியில் ஒரு முஹாஜிரும் ஒரு அன்ஸாரித் தரப்பாரும் தண்ணீருக்காகச் சண்டையிட்டுத் தத்தம் கூட்டத்தாரைக் கூவி அழைத்தபோது மட்டும், அந்தக் கூக்குரலை அறியாமைக்கால நாற்றம் என்று கண்டித்தார்கள். கொடியை அனுமதித்த அதே நபி, கூக்குரலைத் தடுத்தார்கள். இந்த வேறுபாடு புரியாதவர்கள், அரபியர் தமக்கு அரபுப் பள்ளி வேண்டும், அரபு அதிகாரி வேண்டும் என்று கேட்டதையே அஸபிய்யத் என்று எழுதிவிடுகிறார்கள். துருக்கி மொழியில் இடப்படும் கட்டளை புரியாமல் அடிவாங்கிய சிப்பாய் தன் மொழி தெரிந்த அதிகாரியைக் கேட்பது இனவெறியா? (நம் ஜமாஅத்களிலும் வரவு செலவுக் கணக்கு கேட்டவரைப் பார்த்து, ஒற்றுமையைக் குலைக்காதீர்கள் என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அந்தச் சொல் எத்தனை வேலைகளுக்குப் பயன்படுகிறது பாருங்கள்.)

ஸூரத்துல் அன்ஃபாலின் 46ஆவது வசனத்தைக் காட்டி ஒற்றுமையை வலியுறுத்துவோர், அந்த வசனம் பிணக்கைக் கண்டிப்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். பிணக்கு எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்பதில்லை. ஜுல்ம் செய்பவன் ஒற்றுமை பேசுவதும், ஜுல்முக்கு ஆளானவன் பிரிவினைவாதி ஆவதும் ஜமால் பாஷாவின் டமாஸ்கஸில் நடந்ததுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அவர்கள் கற்றுக்கொள்வது அரபு வெறுப்பை மட்டுமே. பிறகு ஃபலஸ்தீனத்துக்காக அதே பிள்ளையைக் கையேந்தச் சொல்கிறோம். அவனோ, உஸ்மானியருக்குத் துரோகம் செய்ததன் தண்டனையை அவர்கள் அனுபவிக்கிறார்கள் என்று திருப்பிச் சொல்கிறான். இதை நான் இளைஞர்களின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

சனக்கலேயில் கலிப்போலி ஷஹீதுகளுக்காக எழுப்பப்பட்ட நினைவிடத்தில், வீரர்களின் பெயர்களோடு அவர்களின் சொந்த ஊரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொன்யா, சிவாஸ், பூர்ஸா என்று வரும் வரிசைகளுக்கு நடுவே ஹலப், டமாஸ்கஸ், பக்தாத், குத்ஸ் என்ற ஊர்களும் வருகின்றன. துருக்கி அரசே கல்லில் எழுதி வைத்த பெயர்கள் அவை. முதுகில் குத்தியவர்கள் என்று அடுத்த வெள்ளிக்கிழமை மேடையேறிச் சொல்லவிருக்கும் ஹஜ்ரத், அந்த ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு மிம்பரில் ஏறட்டும்.